தொழுநோய் வந்தவர்களின் வாய், பல் பராமரிப்பு: வீட்டில் பார்க்க வேண்டியதும் மருத்துவமனையில் கேட்க வேண்டியதும்

சேலம் மாவட்டத்தில் நடக்கும் தொழுநோய் ஊனத்தடுப்பு முகாம்களில் இயன்முறை உதவியாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். முகாமில் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாதம். புண் இருக்கிறதா, மரத்த பாதத்துக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தேய்ந்துவிட்டதா என்று பார்த்து, தேவைப்பட்டால் புதிதுக்கு அளவெடுப்போம். அடுத்து கை. தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, மடங்கிய விரல்களை மெதுவாக நீட்டிவிடுவோம். கடைசியாகக் கண். இமை முழுசாக மூடுகிறதா, வெள்ளை விழி சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். அத்தோடு முகாம் முடிந்துவிடும். ஊனத்தைத் தரம் பிரிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையிலும் கண், கை, கால் மூன்றுக்குத்தான் மதிப்பெண். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துப் பிழைத்த ஒரு பெரியம்மா, நோய் குணமாகி வெகுகாலம் ஆனவர், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். "வயசாச்சு கண்ணு, பசிக்கறதில்ல" என்பார். டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ்க் கடைவாயில் பல் போய் வேர் மட்டும் மிச்சம். ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, வலி தெரியவில்லை என்றார். அதற்கப்புறம் நான் பார்க்கும் எல்லோரிடமும் வாயைத் திறக்கச் சொல்கிறேன். குடும்பத்தாரும் கிராம சுகாதார செவிலியர்களும் இதைச் செய்ய முடியும். டார்ச்சும் பத்து நிமிடமும் போதும்.

வாய் ஏன் கெடுகிறது

தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். அது உடம்பில் குளிர்ச்சியான இடங்களைத் தேடிப் போகும் கிருமி. மூக்கு, காதுமடல், முகத்தோல் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். கிருமி அதிகமுள்ள வகையில் மூக்கு அடைத்துக்கொள்ளும், ஆள் வாயால் மூச்சு விடுவார், குளிர்ந்த காற்று பட்டுப் பட்டு அண்ணமும் அதற்கு ஏற்ற இடமாகிவிடும். மருந்து இல்லாத காலத்தில் அண்ணத்தில் கட்டி, பிறகு புண், சிலருக்கு ஓட்டையே விழுந்திருக்கிறது. டென்மார்க்கில் நெஸ்ட்வெட் என்ற ஊரின் பழைய தொழுநோயாளர் இடுகாட்டை மோல்லர்-கிறிஸ்டென்சன் என்ற மருத்துவர் தோண்டி ஆராய்ந்தபோது, பல மண்டையோடுகளில் மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்ததைக் கண்டார். இடைக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நோய் முன்பல்லை எப்படி ஆட்டிவிடும் என்பதற்கு அந்த எலும்புகளே சாட்சி.

1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு அந்த நிலை வெகுவாகக் குறைந்துவிட்டது. மாத்திரை அட்டை இலவசம். கிருமி குறைந்த வகைக்கு 6 மாதம், அதிகமுள்ள வகைக்கு 12 மாதம். அதனால் இன்று நான் பார்க்கும் கெட்ட பற்களில் பெரும்பாலானவை கிருமி நேராகக் கெடுத்தவை அல்ல. நோய் நரம்பைக் கெடுத்ததில் விரல் மடங்கிப் பிரஷ் பிடிக்க முடியாததால் கெட்டவை. உதடும் கன்னமும் மரத்துப்போய், சோறு கடைவாயில் தங்கியது தெரியாமல் கெட்டவை. வெற்றிலையும் போயிலையும் அடக்கியதால் கெட்டவை. பல் டாக்டரிடம் போக வெட்கப்பட்டதால் கெட்டவை. இவற்றில் எதுவும் தடுக்க முடியாததல்ல. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

வாயைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், வாசலில் உட்கார வைத்துப் பாருங்கள். வெற்றிலை போட்டிருந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கலாம்.

முதலில் உதடும் வாயோரமும். வெடிப்பு, சூடு பட்ட கொப்புளம், வெள்ளைப் படிவு இருக்கிறதா? அப்புறம் இரண்டு கன்னத்தின் உட்புறம், போயிலை அடக்கும் இடத்தை விடாமல். நாக்கை நீட்டச் சொல்லி மேலே, இரு ஓரம், தூக்கச் சொல்லி அடியில். பிறகு ஈறு. கடைசியாகத் தலையை நன்றாகச் சாய்க்கச் சொல்லி அண்ணமும் உள்நாக்கும். அண்ணத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அங்கே வருகிற கட்டியும் புண்ணும் வலிக்காது என்பதால் அவரே சொல்லமாட்டார்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கெட்டியான வீக்கம் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். போயிலை போடுகிறவருக்கு அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். "பழைய வியாதியோட மிச்சம்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், அப்படி விட்டுவிடாதீர்கள்.

பல்லில் பழுப்புக் கோடுகளைப் பார்த்து மாத்திரையால் வந்ததோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சேலம், தர்மபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள ஊர்களில் சின்ன வயதிலிருந்தே பல்லில் அந்தக் கறை இருக்கும். தெருவில் மற்றவர்கள் பல்லையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

உணர்வு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது

தோலில் உள்ள தேமலில் உணர்வு பார்ப்பதுபோல முகத்திலும் பார்க்கலாம். முதலில் கண் திறந்திருக்கும்போதே பஞ்சு நுனியால் நெற்றியில் தொட்டு, "இப்படித் தொடும்போது தொட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்று பழக்குங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி நெற்றி, கன்னம், மேலுதடு, கீழுதடு, தாடை என்று வலமும் இடமும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒரே தாளத்தில் தொடாதீர்கள், ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். நடுவில் ஒன்றிரண்டு முறை தொடாமலே "இப்ப?" என்று கேளுங்கள்.

வாய்க்குள் பார்க்க, நனைத்த சுத்தமான காது பஞ்சுக்குச்சி போதும். கன்னத்தின் உட்புறம், ஈறு, முன் அண்ணம், நாக்கின் இரு ஓரம். சூடு தெரிகிறதா என்று பார்க்க இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்: ஒன்று பானைத் தண்ணீரில், இன்னொன்று குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு வெதுவெதுப்பான நீரில். வெந்நீரைக் கொண்டு ஒருபோதும் சோதிக்காதீர்கள். எது சில்லிப்பு, எது சூடு என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், இனி டீயும் வரகாப்பியும் வீட்டில் இன்னொருவர் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மலையில் மார்கழிக் குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது பழக்கம். அண்ணம் வெந்துபோய் மூன்றாம் நாள் தோல் உரிந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. அவர் விரலாலேயே டம்ளரைத் தொட்டுச் சூடு பார்க்கச் சொல்வதில் பயனில்லை, விரலும் மரத்திருக்கும்.

அடுத்து முகத்தசை. கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள், கன்னத்தை உப்பச் சொல்லுங்கள், விசிலடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொங்கினாலோ, காற்று ஒழுகினாலோ, வாயோரம் எச்சில் வடிந்தாலோ முகநரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இது எப்போதிலிருந்து என்று கட்டாயம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் வந்த பலவீனமென்றால் ஸ்டீராய்டு சிகிச்சையால் மீள வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த முகாம் வரை பொறுக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். திடீரென்று முகம் கோணினால் பக்கவாதமாகவும் இருக்கலாம், அப்போது உடனே 108க்கு அழையுங்கள்.

மடங்கிய கையால் பல் தேய்ப்பது

இதுதான் நான் அதிக நேரம் செலவிடும் விஷயம். பிரஷ் காம்பு மெலிது. கொக்கிபோல் மடங்கிய விரல்களுக்குள் அது நிற்காது. நிறுத்த இறுக்கிப் பிடித்தால் மரத்த தோலில் கொப்புளம் வரும். காம்பைத் தடிமனாக்க வேண்டும்.

சைக்கிள் கடையில் ஹேண்டில்பாரில் மாட்டும் ரப்பர் கிரிப் கேளுங்கள். பிரஷ் காம்பின் அடிப்பாதியில் பழைய துணியைச் சுற்றி கிரிப்புக்குள் இறுக்கமாகச் சொருகுங்கள். ஆடினால் எம்-சீல் பிசைந்து உள்ளே அடைத்து ஒரு இரவு காய விடுங்கள். கிரிப்பின் வெளிப்புறம் முள்முள்ளாக இருந்தால் மெத்தென்ற துணி ஒரு சுற்றுச் சுற்றித் தையுங்கள், அந்தத் துணியை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பிரஷ் தேய்ந்தால் பிரஷை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் முடிந்தவரை எம்-சீல் இல்லாமல் துணியாலேயே இறுக்கப் பாருங்கள்.

விரல்கள் குறுகிப்போய்ப் பிடியே இல்லாதவர்களுக்கு, தையல்காரரிடம் அகல எலாஸ்டிக் பட்டி வாங்கி உள்ளங்கையைச் சுற்றி வரும் அளவுக்கு வளையமாகத் தைத்து, உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்ன பை வையுங்கள். பிரஷ் காம்பு அந்தப் பைக்குள் போகும். விரல் வேலையே இல்லை, மணிக்கட்டும் முழங்கையும் அசைந்தால் போதும். பட்டி இறுக்கமாக இருக்கக் கூடாது. தேய்த்து முடித்ததும் கழற்றி, கையில் சிவந்த தடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். தடம் சீக்கிரம் மறையவில்லை என்றால் பட்டியைத் தளர்த்துங்கள்.

பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, ஃப்ளோரைடு உள்ளது. மூடியைத் திருக முடியாதவருக்குத் தட்டித் திறக்கும் மூடி உள்ள ட்யூப் பாருங்கள். கரி, சாம்பல், செங்கல் பொடி வேண்டாம். வேப்பங்குச்சியில் எனக்குப் பகையில்லை, ஆனால் ஈறு மரத்தவருக்கு அது குத்தினால் தெரியாது. தேய்க்கும்போது சுவரில் கண்ணாடி வேண்டும். உணர்வு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள்.

சாப்பிட்டதும் வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து, முகம் தொங்கிய பக்கத்துக் கடைவாயைத் துணி சுற்றிய விரலால் துடைத்துவிட வேண்டும். அவர் விரலால் முடியாது என்றால் வீட்டார் செய்யுங்கள். மருமகள்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை முடித்தவரிடமிருந்து நோய் பரவாது, இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடமிருந்தும் மருந்து தொடங்கியதுமே பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

பொய்ப்பல் இரவில் வாயில் இருக்கக் கூடாது. கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள், அது உரசிய இடத்தை டார்ச்சில் பாருங்கள்.

மாத்திரையும் வாயும்

மாத்திரை அட்டையில் வரும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் மாதம் ஒருமுறை சாப்பிடுவது. அன்றைக்குச் சிறுநீரும் எச்சிலும் ஆரஞ்சுச் சிவப்பாக வரலாம், அது ரத்தம் அல்ல. குளோஃபாசிமைன் தோலைக் கறுக்க வைக்கும். நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல மாறும். டாப்சோன் சிலருக்கு ரத்தத்தைக் குறைக்கும். உதடும் நாக்கும் வெளிறினாலோ, நீலம் பாய்ந்தாலோ, காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தாலோ மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

எதிர்வினை (கிருமிக்கு எதிராக உடம்பு திடீரெனச் சீறித் தோலும் நரம்பும் வீங்குவது) வந்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரின் வாயை அடிக்கடி பாருங்கள். வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்தக் காலத்தில் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஆடைபோல வெள்ளைப் பூஞ்சை வரலாம், சர்க்கரையும் ஏறலாம். அதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென நிறுத்துவது ஆபத்து.

இன்னொரு பக்கமும் உண்டு. உடம்பில் எங்கே தொற்று இருந்தாலும் அது தொழுநோய் எதிர்வினையைத் தூண்டலாம். பல்லடிச் சீழும் அதில் அடக்கம். எதிர்வினை திரும்பத் திரும்ப வருகிறவருக்கு வாயைப் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே நான் இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எந்தச் சோதனை, எதற்கு

தொழுநோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் கையுமே போதும்: உணர்வில்லாத தேமல், தடித்த நரம்போடு உணர்வு அல்லது பலக் குறைவு. மூன்றாவது அடையாளம் தோல் கீறல் சோதனை. காதுமடல், புருவம், தேமல் போன்ற இடத்தில் தோலை ரத்தம் வராதபடி கிள்ளிப் பிடித்து, பிளேடால் சிறிதாகக் கீறி, சுரண்டி வரும் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். கிருமி அளவை 0 முதல் 6 வரை குறிப்பார்கள். 0 என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. கிருமி குறைந்த வகையில் கீறலில் எதுவும் தெரியாது. அதேபோல் சிகிச்சை முடித்தவருக்கு இன்னும் 2, 3 என்று வந்தால் மருந்து பலிக்கவில்லை என்றும் ஆகாது. செத்த கிருமிகளை உடம்பு வெளியேற்ற வருடங்கள் ஆகும்.

எச்சிலிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பி.சி.ஆர். முறையில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஆய்வுகள் பிரேசிலில் நடந்திருக்கின்றன, சிலரிடம் கிடைத்தும் இருக்கிறது. கிருமி மூக்கு வழியாக மட்டுமல்லாமல் வாய் வழியாகவும் வெளியேறலாம் என்பதற்கு அது ஒரு தடயம். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தேமல் இருக்கிறது என்று தனியார் பரிசோதனைக் கூடத்தில் எச்சில் சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூடவே வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், உடன் வசிப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பாகக் கொடுக்கும் முறை இருக்கிறது.

ரத்தச் சோதனையில் இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. முதலாவது, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று சொல்லும் எச்.பி.ஏ.1.சி. டாப்சோன் சிவப்பணுக்களின் ஆயுளைக் குறைப்பதால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும். ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும், தாளில் நன்றாக இருப்பதாகத் தெரியும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கும் சர்க்கரைச் சோதனையைக் கேளுங்கள். இரண்டாவது, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் செய்யும் வி.டி.ஆர்.எல். சோதனை. கிருமி அதிகமுள்ள தொழுநோயில் இது பால்வினை நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். டி.பி.எச்.ஏ. சோதனை செய்து உறுதி செய்யும்வரை யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

பல்லுக்கு எக்ஸ்ரே. பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பல் மருத்துவர்கள் குளிர்ச்சி வைத்தோ மெல்லிய மின்சாரம் கொடுத்தோ "தெரியுதா" என்று கேட்பார்கள். உணர்வு குறைந்தவரிடம் அந்தப் பதிலை மட்டும் நம்ப முடியாது. எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான்.

பல் மருத்துவரிடம் போகும் நாள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கத் திட்டமிடுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் பல் பிரிவும் இருக்கின்றன. காலையிலேயே போய், தோல் பிரிவில் தற்போதைய மருந்து விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு பல் பிரிவுக்குப் போங்கள். காலி மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: சிகிச்சை முடிந்ததா, நடக்கிறதா. ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, எவ்வளவு, எத்தனை நாளாக. டாப்சோன் சாப்பிடுகிறாரா. டாப்சோன் சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்குமுன் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. மரத்துப்போகப் பூசும் பென்சோகெய்ன், ஊசியில் வரும் பிரிலோகெய்ன் இரண்டையும் இவர்களுக்குத் தவிர்க்கலாம். டாப்சோனோடு சேர்ந்து அவை ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. லிக்னோகெய்ன் இருக்கவே இருக்கிறது.

ஒரு தனியார் கிளினிக்கில் நான் கூட்டிப் போன பெரியவரை, நோயின் பெயரைக் கேட்டதும் "எல்லாரும் போனப்புறம் பாக்கலாம்" என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் உள்ளே போய்ப் பேசினேன். எல்லா நோயாளிக்கும் போடும் அதே கையுறை, அதே முகக்கவசம், அதே கருவிச் சுத்திகரிப்பு இவருக்கும் போதும், தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்றேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதையும் சொன்னேன். அன்றே பார்த்தார்கள். நீங்களும் கோபப்படாமல், ஆனால் எழுந்து வராமல், இதைச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் கடிக்கச் சொல்வார்கள். பஞ்சு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை உணர்வு குறைந்தவர் அறியமாட்டார், பக்கத்தில் இருந்து நீங்கள் பாருங்கள். ஊசியின் மரப்பு போகும்வரை சாப்பாடு வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வார். அன்று முழுக்கச் சூடு வேண்டாம், எதுவானாலும் ஆற வைத்து. மறுநாள் காலையிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். வலியை வைத்துக் கணக்குப் போட முடியாது என்பதால் ஒரு வாரத்துக்குத் தினமும் சாயங்காலம் டார்ச் அடித்துப் பாருங்கள். வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி போக வேண்டும். தோலில் புதிதாகச் சிவந்த கட்டிகளோ நரம்பு வலியோ தொடங்கினால் தோல் பிரிவுக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள்.